கிட்டார் ரெக்கார்டிங்கில் யுஎஸ்பி இணைப்பு அறுந்துபோவது ஏன்?

கேள்வி: சில மாதங்களுக்கு முன்பு, இரண்டு உள்ளீடுகள் கொண்ட யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார், மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சிறு பெட்டி) ஒன்று வாங்கினேன். எலெக்ட்ரிக் கிட்டாரை அதில் செருகி, விண்டோஸ் லேப்டாப்பில் ரெக்கார்டிங் செய்கிறேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடையிடையே ‘பட், பட்’ என்று வெடிக்கிறது. ஒரு டேக்கை முடித்துவிட்டு, அடுத்ததை எப்படி வாசிக்கலாம் என்று சிறிது நேரம் யோசித்துத் திரும்பினால், இன்டர்ஃபேஸைக் காணவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால்தான் வருகிறது. சார்ஜர் போட்டிருக்கும்போது மெல்லிய ஊளைச் சத்தமும் கேட்கிறது. லேப்டாப்பில் இரண்டே போர்ட்கள் உள்ளதால், நான்கு போர்ட் கொண்ட சிறிய ஹப்பில் இன்டர்ஃபேஸ், மவுஸ், வெளி ஹார்டு டிஸ்க் மூன்றையும் மாட்டியிருக்கிறேன். இன்டர்ஃபேஸுடன் வந்த கேபிள் குட்டையாக இருந்ததால் வீட்டிலிருந்த பிரின்டர் கேபிளைப் பயன்படுத்துகிறேன். லேப்டாப் பழையது, வேகம் போதாது என்கிறார் கடைக்காரர். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார் நண்பர். ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற ஆடியோ மென்பொருளைப் போட்டும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

— திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

புதிய லேப்டாப் வாங்க வேண்டாம். விண்டோஸையும் இப்போதைக்கு அழிக்க வேண்டாம். நீங்கள் ஒரே கோளாறாக எண்ணி எழுதியிருப்பவை உண்மையில் மூன்று தனித்தனிக் கோளாறுகள். வாசிக்கும்போது வெடிப்பது ஒன்று, சும்மா இருக்கும்போது இணைப்பு அறுவது மற்றொன்று, சார்ஜர் போட்டால் ஊளையிடுவது மூன்றாவது. இவற்றுக்கான காரணங்கள் வேறு, சோதிக்கும் முறைகளும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ஒரே மருந்தால் தீர்க்க முயல்வதால்தான் பலர் வாரக்கணக்கில் டிரைவர்களை (கருவியோடு கணினி பேச உதவும் மென்பொருள்களை) மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுக் கடைசியில் கருவியையே பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் ஹப், பிரின்டர் கேபிள், சார்ஜர் ஆகியவற்றைப் பற்றி விவரமாக எழுதியிருப்பது பெரிய உதவி. பதிலின் பெரும்பகுதி அந்த மூன்று சொற்களிலேயே இருக்கிறது.

முதலில் வேகம் போதாது என்ற பேச்சை ஒதுக்கிவிடுவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் இரண்டு தடங்களைப் பதிவு செய்ய, நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 24 பிட், தடங்கள் இரண்டு என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 2.3 மெகாபிட்தான் வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை தாங்கக்கூடியது. பத்து ஆண்டு பழைய லேப்டாப்பும் இந்தச் சுமையைச் சுமையாகவே உணராது. ஆகவே வேகம் உங்கள் பிரச்சினை அல்ல, நேரந்தவறாமைதான் பிரச்சினை.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை நகலெடுக்கும்போது நடுவில் ஒரு துண்டு சிதைந்தால், கணினி அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும்; உங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆடியோவுக்கு யுஎஸ்பி அந்தச் சலுகையைத் தருவதில்லை. நேரத்துக்குப் புறப்பட்டுவிடும் பேருந்தைப் போல, குறித்த கணத்தில் வந்து ஏறாத துண்டு விடுபட்டதுதான். மறுபடி அனுப்பும் ஏற்பாடு கிடையாது. எளிய வகை இன்டர்ஃபேஸ்களில் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒரு பொட்டலம் போகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் அதனுள் 48 மாதிரிகள் இருக்கும். அப்படி ஒரு பொட்டலம் தவறினால், அலை ஓரிடத்தில் அறுந்து வேறோர் உயரத்திலிருந்து தொடங்குகிறது. அந்தத் திடீர்த் தாவல்தான் உங்கள் காதில் ‘பட்’ என்று விழுகிறது. அதே கேபிளில், அதே போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஒழுங்காக வேலை செய்கிறதே என்று பலர் குழம்புவார்கள். அதற்குக் காரணம் இதுதான். ஹார்டு டிஸ்க் ஒழுங்காக ஓடுவதை வைத்து, அந்த வழி ஆடியோவுக்கும் தகுந்தது என்று முடிவு செய்யக் கூடாது.

இனி சோதனைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சோதிக்கும்போது அமைதியைப் பதிவு செய்து பயனில்லை, ஏனெனில் அமைதியில் ஒரு துண்டு விடுபட்டால் அந்த இடமும் அமைதியாகவே இருக்கும். இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் ஏதாவது வேண்டும். செல்போனில் சுருதிப்பெட்டி செயலி ஒன்றைத் திறந்து, போனை ஃபிளைட் மோடில் வைத்து, அதன் ஸ்பீக்கர் பகுதியைக் கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருளுக்கு) மிக அருகில், கம்பிகளுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் சுருளின் காந்தப் புலத்தைப் பிக்கப் வாங்கிக்கொள்வதால் சுருதி நேராகக் கணினிக்குள் போகும். கிட்டாரை மடக்கு நாற்காலியில் சாய்த்து வைத்து, போனை அப்படியே நிற்கும்படி ஒட்டிவிட்டால், உங்கள் கை நோகாமல் அரை மணி நேரப் பதிவு கிடைக்கும். பிறகு பதிவைக் கேட்டாலே போதும். சீரான சுருதியில் ஒரு சிறு வெடிப்பும் மறைந்துகொள்ள முடியாது. எத்தனையாவது நிமிடத்தில் வெடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

முதல் மாற்றம் ஹப். இன்டர்ஃபேஸைப் பிடுங்கி லேப்டாப்பின் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்; மவுஸும் ஹார்டு டிஸ்க்கும் ஹப்பிலேயே இருக்கட்டும். உங்களுடையது தனி அடாப்டர் இல்லாத ஹப் என்று எடுத்துக்கொள்கிறேன். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவதாக வரையறுக்கப்பட்ட மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 போர்ட்டில் 900. சுவர் மின்சாரம் இல்லாத ஹப் அந்த ஒற்றை ஒதுக்கீட்டிலிருந்து தானும் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் எல்லாருக்கும் பங்கிடுகிறது. பழைய விதிப்படி அத்தகைய ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கிடைக்க வேண்டியது 100 மில்லி ஆம்பியர்தான். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் ஒன்றுக்கே கிட்டத்தட்ட 500 தேவைப்படலாம். வெளி ஹார்டு டிஸ்க்கோ, நின்றிருந்த தட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் வழக்கத்தைவிட மிக அதிகமாக இழுக்கும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் சற்று தாழ்ந்தாலும் இன்டர்ஃபேஸின் உள்ளிருக்கும் சில்லு தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். கணினியின் பார்வையில் அது கருவியைப் பிடுங்கியதற்குச் சமம். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் டிஸ்க் உறங்கிவிட்டு, மீண்டும் விழிக்கும்போது இது நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஹப்பில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மவுஸும், எளிய வகை ஆடியோ கருவிகளும் பழைய 12 மெகாபிட் அல்லது அதற்கும் குறைந்த வேகத்தில் பேசுபவை. 480 வேகத்தில் ஓடும் ஹப் அவற்றுக்காக நடுவில் மொழிபெயர்த்துத் தர வேண்டும். மலிவான ஹப்புகளில் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மொழிபெயர்ப்புச் சுற்றுதான் இருக்கும். ஆடியோ அதில் வரிசையில் நிற்க நேர்ந்தால் நேரம் தவறுகிறது. எனவே ஹப் வேண்டியே தீரும் என்றால், தனி அடாப்டர் உள்ளதாக வாங்கி, அதில் மவுஸையும் டிஸ்க்கையும் மாட்டிவிட்டு, இன்டர்ஃபேஸுக்கு ஒரு போர்ட்டை முழுமையாக விட்டுக்கொடுங்கள். ரெக்கார்டிங் கோப்புகளையும் லேப்டாப்பின் உள் டிஸ்க்கிலேயே எழுதி, வேலை முடிந்த பிறகு வெளி டிஸ்க்குக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது மாற்றம் கேபிள். பிரின்டர் கேபிள் என்பதாலேயே அது கெட்டது என்று ஆகிவிடாது. சதுர முனை கொண்ட அதே வகைக் கேபிள்தான் பல இன்டர்ஃபேஸ்களுக்கும் வருகிறது. ஆனால் பல ஆண்டுகள் பிரின்டருக்குப் பின்னால் மடிந்து கிடந்த கேபிளில் உள்கம்பி தளர்ந்திருக்கும், அல்லது வெளிக்காப்பு வலை எங்காவது விட்டுப்போயிருக்கும். பிரின்டர் தவறிய துண்டை மறுபடி கேட்டுவாங்கிச் சமாளித்தது. ஆடியோவால் அது முடியாது. யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. நீளம் போதவில்லை என்று எக்ஸ்டென்ஷன் கேபிள் சேர்ப்பதைவிட, இன்டர்ஃபேஸை லேப்டாப்பின் அருகில் வைத்துக்கொண்டு கிட்டார் கேபிளை நீளமாக வைத்துக்கொள்வது மேல். முதலில் கருவியுடன் வந்த குட்டைக் கேபிளிலேயே சோதனையைச் செய்யுங்கள்.

கேபிளைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. லேப்டாப்பின் ஒலியைக் கூட்டி வைத்து, இன்டர்ஃபேஸ் பக்கத்துப் பிளக்கை இரு விரலால் பிடித்து, இழுக்காமல், மேலும் கீழும் இடமும் வலமுமாக மிக மெதுவாக அசையுங்கள். விண்டோஸ் ஒரு கருவியைப் பிடுங்கியதற்கும் செருகியதற்கும் எழுப்பும் இரண்டு தனி ஒலிகளை நீங்கள் அறிவீர்கள். அசைக்கும்போது அவை மாறி மாறி ஒலித்தால், மென்பொருளில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. அதே அசைப்பை லேப்டாப் பக்கத்திலும் செய்யுங்கள். மற்றொரு கேபிள் போட்டும் இன்டர்ஃபேஸ் பக்கம் மட்டும் ஆடினால், உள்ளே சாக்கெட்டைப் பலகையுடன் பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருக்கலாம். மேசை விளிம்பிலிருந்து கேபிள் தொங்கி, அதன் எடையைச் சாக்கெட்டே தாங்கும்படி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால் சாக்கெட்டின் ஆயுள் கூடும்.

இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகும், வாசிக்கும்போது நன்றாக ஓடி, சும்மா இருந்தால் மட்டும் இணைப்பு அறுந்தால், விண்டோஸின் மின்சேமிப்பைப் பாருங்கள். பயன்பாட்டில் இல்லாத யுஎஸ்பி கருவிகளை உறங்க வைக்கும் வசதி அதில் உண்டு. பொதுவாக ரெக்கார்டிங் மென்பொருள் ஆடியோ கருவியைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் அது உறங்க வாய்ப்பில்லை. ஆனால் வேறு சாளரத்துக்குப் போனாலோ, ஓட்டத்தை நிறுத்தினாலோ கருவியை விட்டுவிடும் ஓர் அமைப்பு சில மென்பொருள்களில் இருக்கிறது. அப்படி விடப்பட்ட கருவி உறங்கி, பிறகு எழுப்பும்போது எழாமல் போகிறது. ஆகவே முதலில் மென்பொருளின் ஆடியோ அமைப்புகளில் அந்தத் தேர்வு இருந்தால் நீக்குங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, நீங்கள் பயன்படுத்தும் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியின் டிக்கை எடுத்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் இந்த வரிகள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருக்கும். அப்போது மின்திட்டத்தை உயர்செயல்திறனுக்கு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். இணைப்பு அறுந்த பிறகு உங்கள் இன்டர்ஃபேஸின் பெயர் அங்கே மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் நிற்கிறதா, அன்நோன் யுஎஸ்பி டிவைஸ் என்று அடையாளமிழந்து நிற்கிறதா, அல்லது பட்டியலிலேயே இல்லையா? பெயர் இருந்து குறி மட்டும் இருந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அடையாளம் தெரியாத கருவியாக, 43 என்ற பிழை எண்ணுடன் நின்றால், கணினி ‘நீ யார்’ என்று கேட்டதற்குக் கருவியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிள், மின்சாரம், போர்ட் ஆகியவற்றிலேயே குறை இருக்கும். பட்டியலிலேயே இல்லையென்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை, அல்லது சார்ஜ் செய்ய மட்டுமான, தரவுக் கம்பிகளே இல்லாத கேபிளைப் போட்டிருக்கிறோம். டைப்-சி சாக்கெட் உள்ள இன்டர்ஃபேஸ் வைத்திருக்கும் பிற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சில கருவிகள் உயிர் பெறாமல், ஒரு முனை பழைய அகல வடிவமாக உள்ள கேபிளில் மட்டும் வேலை செய்யும். கருவியின் உள்ளே வைத்திருக்க வேண்டிய சிறு மின்தடைகளை உற்பத்தியாளர் விட்டுவிட்டதால் வரும் குறை அது. கேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

அடுத்தது டிரைவர். ஏஎஸ்ஐஓ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய வழிமுறை. விண்டோஸின் பொதுவான ஒலிக் கலவையைத் தாண்டி, ரெக்கார்டிங் மென்பொருள் கருவியுடன் நேரடியாகப் பேச அது வழி செய்கிறது. உங்கள் கருவியின் உற்பத்தியாளர் தமது ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தந்திருந்தால், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏஎஸ்ஐஓ4ஆல் உண்மையில் ஒரு கருவியின் டிரைவர் அல்ல. விண்டோஸின் டிரைவருக்கு மேலே போர்த்தப்பட்ட ஓர் உறை. உற்பத்தியாளர் எதுவும் தராத மலிவான கிட்டார்-யுஎஸ்பி கேபிள்களுக்கு அது நல்ல உதவி. சொந்த டிரைவர் உள்ள கருவிக்கு அதையும் சேர்த்துப் போட்டால், ஒரே கருவியை இருவர் பிடித்து இழுக்கும் நிலை வரும். ஆகவே ஏஎஸ்ஐஓ4ஆலை நீக்குங்கள். உற்பத்தியாளரின் பழைய டிரைவர் இருந்தால் அதையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, இன்டர்ஃபேஸைச் செருகாமல் புதிய டிரைவரை நிறுவுங்கள். நிறுவி முடித்த திரை கேட்கும்போது மட்டும் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றினால், விண்டோஸ் முந்திக்கொண்டு தன் பொதுவான டிரைவரைக் கட்டிவிடும். யுஎஸ்பி ஆடியோவின் இரண்டாம் தலைமுறை வகுப்புக்கு விண்டோஸில் உள்ளுறை டிரைவர் வந்தது 2017இல், விண்டோஸ் 10இன் புதுப்பிப்பு ஒன்றில்தான்; அதற்கு முந்தைய விண்டோஸில் பல இன்டர்ஃபேஸ்கள் தம் டிரைவர் இல்லாமல் பெயரைக்கூடச் சொல்லாது.

இத்தனைக்குப் பிறகும் வெடிப்பு மட்டும் மிச்சமிருந்தால் பஃபரைப் பாருங்கள். பஃபர் என்பது கணினி ஒரு தடவையில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் என்றால் 2.7 மில்லிநொடி, 256 என்றால் 5.3; 512 என்றால் 10.7. பஃபர் சிறியதாக இருந்தால் கம்பியை மீட்டியதும் ஒலி கேட்கும், ஆனால் கணினிக்கு மூச்சுவிட நேரம் இராது. 64இல் வைத்துக்கொண்டு வெடிக்கிறது என்று வருந்துவோர் நிறையப் பேர். வாசித்துப் பதிவு செய்யும்போது 128 அல்லது 256, கலவை வேலைக்கு 1024 என்று மாற்றிக்கொள்வதில் எந்த இழப்பும் இல்லை. 5 மில்லிநொடி தாமதம் பெரிதாகத் தோன்றினால், காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் செல்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் தம் வாசிப்பை 9 மில்லிநொடி தாமதமாகத்தான் கேட்கிறார். போகவும் வரவும் சேர்த்துக் கணினியின் மொத்தத் தாமதம் பஃபர் எண்ணைவிட இரட்டிப்புக்கு மேல் இருக்கும் என்பது உண்மைதான். அது உறுத்தினால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் பயன்படுத்தி, கணினிக்குள் போய் வராமலேயே கிட்டாரைக் கேட்கலாம்.

பஃபரை 512க்கு உயர்த்தியும் வெடிப்பு நிற்கவில்லை என்றால், கணினியில் வேறு ஏதோ ஒரு டிரைவர் செயலியைத் தேவைக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்கிறது. லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினால் அது எந்த டிரைவர் என்று காட்டும். லேப்டாப்புகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வைஃபை. பதிவு செய்யும் நேரம் மட்டும் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். அதோடு வெடிப்பு நின்றால், வைஃபை டிரைவரைப் புதுப்பிப்பதே நிரந்தரத் தீர்வு. பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் செயலியின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாதிரி வேகத்தையும், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் என்பதையும், ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளில் 44.1, விண்டோஸின் ஒலி அமைப்பில் 48 என்று இருந்தால் சில டிரைவர்கள் அடம்பிடித்து வெடிக்கும், சில இயங்கவே மறுக்கும். 44.1இல் பதிவானதை 48 என்று எண்ணி ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, பாடல் வேகமாகிவிடும். ட்யூனரில் சரியாக இருந்த கிட்டார் பதிவில் மட்டும் சுருதி தப்பி ஒலித்தால், கம்பியைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி ஊளை. இதை நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது ஒலியோடு நில்லாமல் பாதுகாப்பையும் தொடுகிறது. கிட்டாரின் கம்பிகள், அவற்றை உடலோடு தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எர்த் இன்டர்ஃபேஸுக்கும், அங்கிருந்து யுஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி வழியாக லேப்டாப்புக்கும், லேப்டாப்பிலிருந்து சார்ஜருக்கும் போகிறது. அதாவது உங்கள் விரல் தொடும் கம்பியும் சுவரில் செருகிய சார்ஜரும் ஒரே மின்வழியில் இருக்கின்றன. இரண்டு பின் சார்ஜர்களில் உயர் மின்னழுத்தப் பக்கத்துக்கும் தாழ்ந்த பக்கத்துக்கும் இடையே உள்ள சிறு மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் இருக்கும். எர்த் இருந்தால் அது தரையில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உலோக உடலிலும் கிட்டார் கம்பியிலும் வந்து நிற்கும். மணிக்கட்டு லேப்டாப்பின் விளிம்பில் உரசும்போது எறும்பு ஊர்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

முதல் சோதனை, சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுவது. சார்ஜர் போட்டிருக்கும்போதுதான் ஊளை கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கிட்டாரும் இன்டர்ஃபேஸும் குற்றமற்றவை. அடுத்து, ஊளை பதிவில் இருக்கிறதா, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு இன்டர்ஃபேஸிலேயே ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். ஊளை போய்விட்டால், ஸ்பீக்கரின் மின்பிளக்கும் லேப்டாப்பின் பிளக்கும் வேறு வேறு சாக்கெட்டுகளில் இருப்பதால் உண்டான சுழல்வழி அது. இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஸ்பீக்கருக்கு மூன்று கம்பிகள் கொண்ட பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் தீரும். ஹெட்ஃபோனிலும் கேட்டால், கிட்டாரின் வால்யூம் குமிழை முழுவதும் குறையுங்கள். சத்தமும் சேர்ந்து குறைந்தால், பிக்கப் காற்றிலிருந்து வாங்குகிறது. சார்ஜர் செங்கல், டியூப்லைட், மின்விசிறி ரெகுலேட்டர், லேப்டாப் திரை ஆகியவற்றிலிருந்து விலகி, கிட்டாரைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் குறையும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது கூடுதலாக இருக்கும். குமிழைக் குறைத்தும் மாறாமல், மவுஸை நகர்த்தும்போது தொனி மாறும் ஊளையாக இருந்தால், அது யுஎஸ்பி வழியாகவே வருகிறது. யுஎஸ்பியின் ஒரு மில்லிநொடித் துடிப்பு காதுக்கு 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கும்.

தீர்வு சார்ஜரிடம்தான். உங்கள் லேப்டாப்புக்கு மூன்று பின் சார்ஜர் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் உள்ளே எர்த் கம்பி இணைக்கப்படாமலேயே இருப்பதுண்டு. சாக்கெட்டைப் பார்த்து நம்பாதீர்கள், எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டரை மாட்டினாலும் எர்த் அறுந்துவிடும். எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படி உடைத்த ஆம்ப்ளிஃபயரோ ஸ்பீக்கரோ ஒருநாள் உள்ளே பழுதானால், 230 வோல்ட் கிட்டார் கம்பிக்கு வந்து சேரும். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு உதட்டில் மைக்கும் விரலில் கம்பியும் இருக்கும். ஆபத்து இன்னும் அதிகம். எறும்பு ஊர்வதைத் தாண்டி, சுளீரென்று ஒருமுறை அடித்தாலும் அந்த அமைப்பில் மேற்கொண்டு வாசிக்காதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் இரைச்சல் கூடினால், வீட்டு இன்வெர்ட்டர் தூய சைன் அலை தராத வகையைச் சேர்ந்தது என்று அறியலாம். அப்போது சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிவு செய்வதே எளிது. மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசோலேட்டர் என்று ஒன்றை உங்களுக்கு யாராவது பரிந்துரைக்கலாம். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 12 மெகாபிட் வேகம் வரை மட்டுமே கடத்தும். உங்கள் இன்டர்ஃபேஸ் 480 வேக வகையாக இருந்தால் அதில் வேலையே செய்யாமல் போகலாம். வாங்குவதானால் இதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

ஊளை சிறியதாக இருந்தும் பெரிதாகக் கேட்பதற்குப் பதிவு அளவும் காரணமாகலாம். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருக்கட்டும். பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் உள்ளீட்டுத் தடை வேண்டும், இல்லையேல் ஒலி மங்கி, அதை ஈடுகட்டக் கெயினை (உள்ளீட்டைப் பெருக்கும் அளவை) ஏற்ற நேரிடும். மிகப் பலமாக வாசிக்கும்போது அளவுகோல் மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும். சில மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் கிட்டாருக்குத் தேவையில்லை; அணைத்து வைத்தால் யுஎஸ்பி மின்சாரமும் மிச்சமாகும்.

வேறு கணினி வைத்திருப்போர் சுருக்கமாக இரண்டைக் கவனிக்கலாம். மேசைக் கணினியில் முன்பக்கப் போர்ட்டைத் தவிர்த்து, தாய்ப்பலகையோடு நேரடியாக உள்ள பின்பக்கப் போர்ட்டைப் பயன்படுத்துங்கள். ஏஎம்டியின் 500 வரிசைச் சிப்செட் பலகைகளில் யுஎஸ்பி இணைப்பு இடையிடையே அறுவதை அந்நிறுவனமே 2021இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (தாய்ப்பலகையிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வழியாகச் சரிசெய்தது. அத்தகைய பலகையில் பழைய பயாஸ் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் டிரைவர் தேவைப்படாது. கருவி தெரிந்தும் பதிவில் முழு அமைதி மட்டும் விழுந்தால், தனியுரிமை அமைப்புகளில் அந்த மென்பொருளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸிலும் இதே அனுமதி உண்டு. கிட்டாருக்கும் மைக்குக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் அதை மறுத்துவிடுகிறார்கள். கணினிக்கு உள்ளே வரும் எல்லா ஒலியும் மைக்தான்.

திண்டுக்கல் நண்பரே, நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது நேரடிப் போர்ட், குட்டைக் கேபிள், ஏஎஸ்ஐஓ4ஆலை நீக்கி உற்பத்தியாளரின் டிரைவர், இந்த வரிசையில் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுருதிப்பெட்டிச் சோதனை. இவற்றால் சரியாகாவிட்டால், இன்டர்ஃபேஸை அதே கேபிளுடன் நண்பரின் கணினியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கும் அறுந்தால் கருவியில்தான் குறை. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், நீங்களோ தெரிந்த மெக்கானிக்கோ திறந்து பார்க்காமல், ரசீதுடன் சேவை மையத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கேபிளில், எத்தனை நிமிடத்தில், எந்தப் பக்கம் அசைத்தால் அறுகிறது என்று ஒரு தாளில் எழுதி இணையுங்கள். அங்கே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.